எனக்குத் தெரியாமல் ஒரு சத்திரசிகிச்சை

2025 பெப்ரவரி 3, திங்கள்

மார்பகச் சத்திரசிகிச்சைப் பிரிவு இன்று திறந்தாயிற்று. எட்டு வருடம் அலைந்து கொண்டுவந்தது. “டொக்டர் சிவசுப்பிரமணியம் இல்லாட்டி இது இல்லை” என்று என்னைக் காட்டிச் சொன்னார் ஆஸ்பத்திரிப் பணிப்பாளர். கை தட்டினார்கள். உண்மைதானே.

அருந்ததி வரவில்லை. நான் சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போன நாளிலிருந்து, மூன்று வாரமாக, இணுவிலில் தன் தங்கை ஞானாம்பிகை வீட்டில் நிற்கிறாள். தங்கைக்குச் சுகமில்லையாம். மனைவியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

பெப்ரவரி 10

ஐந்து சத்திரசிகிச்சைகள். ஐந்தும் நான் நினைத்தபடியே.

பெப்ரவரி 14

இதை எழுத மனமில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

மருத்துவர்கள் கூட்டம் முடிந்து வரும்போது நிவேதனா ஓடிவந்தாள். என்னிடம் மூன்று வருடம் தொழில் பழகியவள், இப்போது வேறு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர்.

“சேர், மிசிஸின்ரை காயம் நல்லா ஆறியிட்டுதே?”

எந்தக் காயம்? நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். “நீங்கள் சிங்கப்பூரிலை நிக்கேக்கை நான் செய்த ஒப்பரேஷன், சேர். நீங்கள்தான் என்னட்டைப் போகச் சொன்னதெண்டு மிசிஸ் சொன்னவா. பயந்து பயந்துதான் செய்தனான். முழு மார்பும் எடுக்கவேண்டி வந்திட்டுது.”

முழு மார்பும்.

“ஓம், நல்லா இருக்கு” என்றேன். எப்படி அந்தப் பொய் வந்தது?

கார் வரை நடந்தது ஞாபகமில்லை. பேராதனையில் படிக்கும் மகனுக்குப் போன் எடுத்தேன். அம்மாவுக்கு ஒப்பரேஷனாமே என்றேன். லக்சன் கேட்டான்: “அப்பா… உங்களுக்கு இன்னும் தெரியாதா?”

அவனுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

பெப்ரவரி 15

இணுவிலுக்குப் போனேன். ஞானாம்பிகைக்கு ஒரு நோய்நொடியும் இல்லை. படலையைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அருந்ததி கட்டிலில் சாய்ந்தபடி பள்ளிப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?” சத்தம் போட்டுவிட்டேன்.

“சொன்னனான். கார்த்திகை விளக்கீட்டண்டு, சாப்பிடேக்கை. கட்டி மாதிரி ஒண்டு தட்டுப்படுது எண்டனான். போனைப் பாத்துக்கொண்டு ‘ஓம், ஓம், பாப்பம்’ எண்டனீங்கள்.”

எவ்வளவு யோசித்தும் அது ஞாபகம் வரவில்லை.

“பிறகு உங்கடை கிளினிக்குக்கு வந்து நம்பர்த் துண்டெடுத்து, மற்றப் பொம்பிளையளோடை வாங்கிலை குந்திக்கொண்டிருந்தனான். ரெண்டு தரம் என்னைத் தாண்டிப் போனீங்கள்.”

“நான் காணேல்லை, அருந்ததி.”

“ஓம். நீங்கள் காணேல்லை.”

அவள் அழவில்லை. அடுத்த கொப்பியை எடுத்தாள்.

நான் ஊர் ஊராய்ப் போய்ப் பொம்பிளையளுக்குச் சொல்லுறனான் – மறைக்காதேங்கோ, உடனை வீட்டிலை சொல்லுங்கோ எண்டு. என்ரை வீட்டிலை – ஐயோ, என்ன மனுசன் நான்?

பெப்ரவரி 16

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே இல்லை.

பெப்ரவரி 21

நேற்று முதலாவது புற்றுநோய் மருந்து ஏற்றினார்களாம். லக்சன்தான் சொன்னான். நிவேதனாவிடம் போய் உண்மையைச் சொல்லி, அருந்ததியின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “மிசிஸிட்டைக் கேட்டிட்டுத்தான் தருவன், சேர். குறை நினையாதேங்கோ.”

அதை அவளுக்குப் படிப்பித்ததே நான்தான்.

மார்ச் 2

அருந்ததியே அறிக்கையை எடுத்து நீட்டினாள். இடது பக்கம். இரண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது. இதே சொற்களை மற்றவர்களின் மனைவிமாருக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறவன், மூன்று தரம் வாசித்தேன்.

“வீட்டை வாரும்” என்றேன்.

“இப்ப இல்லை. இஞ்சை நான் கூப்பிட்டா ஆராவது திரும்பிப் பாக்கினம்.”

மார்ச் 13

காரில் கூட்டிப்போகக் கேட்டேன். வேண்டாம் என்றாள். இரண்டாவது மருந்துக்கு ஞானாம்பிகையோடு ஓட்டோவில் போனாள்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது மருந்துக்கு இன்று என் காரில் ஏறினாள். பின் சீட்டில், தங்கையோடு. தலைமயிர் கொட்டிவிட்டது, துணி கட்டியிருந்தாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.

மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஞானாம்பிகை தேத்தண்ணி வாங்கப் போன நேரம் தாதி மிஸி வந்து கூப்பிட்டாள்: “அருந்ததியின்ரை ஆக்கள் ஆர்?”

எழும்பினேன். மிஸி திகைத்துப்போனாள். “ஐயோ சேர், நீங்களோ? டொக்டரின்ரை அறையிலை இருங்கோ.”

“இல்லைப் பிள்ளை. நான் அவவின்ரை ஆள்.”

உள்ளே, “சத்தி வருது, பேசினைப் பிடியுங்கோ” என்றாள் அருந்ததி. பிடித்தேன். வாந்தி எடுத்து முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“இண்டைக்கு உங்களுக்கு ஒப்பரேஷன் தியேட்டர் இல்லையோ?”

“இருக்கு. மற்ற டொக்டர்மார் செய்வினம்” என்றேன்.