கயிறு கிடத்திப் பிரித்த மரக்கலம்

கரை உடையாது, கடல் வற்றாது நிலைபெறும் பொன்கரை நாட்டு அரசர் அலைகொண்ட பெருமாளின் அமைச்சன் காரிநாகன், புன்னைத்துறையின் காவல் பூண்ட வேளான் மாதேவருக்கு விடுக்கும் ஓலை. நும் துறையில் நங்கூரங்கள் நிலைக்க. கலங்கரை விளக்கு அணையாதிருக்க. நும் மனையார் நோயின்றி வாழ்க.

வாழ்த்து இவ்வளவில் அமைக. நீட்டி எழுத எமக்கு ஆற்றல் இல்லை. சோர்வில் பாதி முதுமையால் வந்தது. மீதி நும் ஓலையைப் படித்ததால் வந்தது.

வணிகன் நக்கன் பூவணன் மரமும் பொன்னும் தர, மாலுமி ஊரன் திமிலன் தன் உழைப்பையும் கடலறிவையும் தர, இருவரும் கூடி அன்னமுகி என்னும் மரக்கலத்தைக் கட்டினர் என்று அறிந்தோம். நண்பரிடையே பங்கு பேசுவது நாணத்தக்கது என்று அன்று இருவரும் வாய் திறக்கவில்லையாம். அந்த நாணத்தின் சுமை இன்று எம் தலையில் இறங்கியிருக்கிறது.

பிடித்த மீனைக் குவித்து, நடுவே கயிறு கிடத்தி, இப்புறம் உனக்கு, அப்புறம் எனக்கு என்று பிரிப்பது நும் துறையின் வழக்கம். நல்ல வழக்கமே, மீனுக்கு. அதே கயிற்றை இவர்கள் பாய்மரத்தடியில் குறுக்கே கிடத்தி, முற்பாதி பூவணனுக்கு, பிற்பாதி திமிலனுக்கு என்று முடித்தனர். அவரவர் பாதியை அவரவரே பேணினர். அவரவர் பாதியில் ஏறிய சரக்கின் கூலியை அவரவரே கொண்டனர். சென்ற பயணத்தில் பிற்பாதியில் நீர் கசிந்தபோது, அதை இறைக்கத் தன் ஆட்கள் கடமைப்பட்டவர் அல்லர் என்று பூவணன் உரைத்தானாம். முற்பாதியில் நங்கூரக் கயிறு நைந்தபோது, அது தன் கண்ணில் பட வேண்டியதில்லை என்று திமிலன் உரைத்தானாம். கலத்தை எப்படியோ கரை சேர்த்தவர்கள் துடுப்பு வலிப்பவர்கள். அவர்களுக்கு எந்தப் பாதியிலும் பங்கில்லை. மூழ்கியிருந்தால் முழுதாக மூழ்கியிருப்பார்கள்.

இப்பொழுது கயிறு கிடந்த இடத்தில் கலத்தை மரமறுக்கும் வாளால் அறுத்துப் பிரித்துக்கொள்ள இருவரும் இசைவு கேட்டனர் என்றும், நீவிர் இசைவு தந்தீர் என்றும் எழுதியிருக்கிறீர். அறுக்க அழைக்கப்பட்டவன் அதைக் கட்டிய தச்சனேயாம். அவன் வாளைத் தொட மறுத்து மணலில் அமர்ந்து அழுதானாம். ஆணைக்கு அடங்காத அவனைத் தண்டிக்கலாமா என்று எம்மை வினவுகிறீர். இவ்வரியைப் படித்தபின் யாம் ஓலையைத் திருப்பி, முத்திரை நும்முடையதுதானா என்று பார்த்தோம்.

காற்று மாறுமுன் அன்னமுகி புறப்படாவிடில் துடுப்பாளர் மனைகளில் இவ்வாண்டு உலை ஏறாது. ஆதலின் ஆணையைச் சுருங்கச் சொல்கிறோம். கயிறு இன்றோடு நீங்குக. ஒவ்வொரு பலகையிலும் பூவணனுக்குப் பாதி, திமிலனுக்குப் பாதி. ஊதியமும் ஓட்டையும் அவ்வாறே. பொன் தந்தவனே பெரியவன் என்று பூவணன் வாதிட்டால், செலவிட்ட பொன்னை அவன் மீண்டும் ஈட்டலாம், திமிலன் கடலில் விட்ட ஆண்டுகளை எவரும் ஈட்ட இயலாது என்று யாம் சொன்னதாகச் சொல்க. இனிப் பிற்பாதியைப் பழுது பார்ப்பவன் பூவணன்; முற்பாதியைப் பழுது பார்ப்பவன் திமிலன். தச்சனுக்கு ஓர் ஆடை போர்த்தி மனைக்கு அனுப்புக. அத்துறையில் அறிவோடு நடந்தவன் அவன் ஒருவனே.

இத்தனைக்கும் பின்னர், அறுத்தே தீர்வோம் என்று அவர்கள் நிற்பாராயின், அதற்கும் இசைவு தந்தோம். இடத்தை மட்டும் யாம் குறிக்கிறோம். கலத்தை நடுக்கடலுக்குக் கொண்டு செல்க. துடுப்பாளரைத் தோணியில் இறக்கிக் கரைக்கு அனுப்பிவிடுக. பூவணன் முற்பாதியிலும் திமிலன் பிற்பாதியிலும் அமர்க. முதலில் இசைவு தந்தவர் நீவிர் ஆதலின், கயிறு கிடந்த இடத்தில் நின்று வாளை இழுப்பவரும் நீவிரே ஆகுக.

இது அரசர் செவியேற்று இசைந்த ஆணை. அரக்கில் துடுப்பு இலச்சினை பதித்தோம். மறு ஓலையில் விளக்கம் எதுவும் வேண்டா; நுமக்கு நீந்தத் தெரியுமா என்பதை மட்டும் எழுதுக.