மாட்டுக்குக் கொடுத்த வாழை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. தோட்டத்தில் சில வாழைகள் குருத்து விரியாமல் கொத்தாக நிற்கின்றன. முடிக்கொத்து நோய். வெட்டியாச்சு. தூர எறிய மனசு வரவில்லை. வெட்டின வாழை எப்போதும் பக்கத்து வீட்டு ரோசம்மாளின் மாட்டுக்குத்தான். தண்டோடு இலையோடு இழுத்துக்கொண்டுபோய்த் தொழுவத்தில் போட்டேன். தொழுவத்தை ஒட்டி அவளுடைய ஏத்தன் வாழை, சிப்ஸ் போடுகிற நேந்திரன். நல்ல செழிப்பு. ஓணத்துக்குக் குலை வெட்டிக் களியக்காவிளைச் சந்தைக்கு ஏற்றணுமாம். மகளின் நர்சிங் படிப்பு அதை நம்பித்தான்.

"எக்கா, ஒங்களுக்குப் புண்ணியம். பசுவுக்கு வயிறு நெறஞ்சுது."

இடுப்பு வலி. தைலம் வாங்கணும்.

ஜூன் 17, செவ்வாய்

வேளாண்மை அலுவலகம். மழை, பஸ் லேட். பெண் அதிகாரி, சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னாள். நோய் ஒரு வைரஸாம். அதைப் பரப்புவது குருத்துக்குள் அடைந்து கிடக்கும் கறுப்புச் செடிப்பேன். நோய் பிடித்த வாழை பேனைத் தன்னிடம் இழுக்குமாம். அங்கேயே பெருகி, இடம் போதாமல் ஆனதும் சிறகு முளைத்து நல்ல வாழை தேடிப் பறக்கும். வைரஸுக்குக் காலா, சிறகா? பேனை ஆட்டிவைத்தே ஊர் சுற்றுகிறது. என்ன சாமர்த்தியம், சனியன்!

மருந்தடித்துப் பேனைக் கொன்றபிறகே வெட்டணுமாம். மாட்டுக்குப் போட்டதைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நீங்களே பேனுக்கு வண்டி பிடிச்சு அனுப்பிட்டீங்களேம்மா. பக்கத்துத் தோட்டத்துல இன்னைக்கே மருந்தடிக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் ரோசம்மாளிடம் பால் வாங்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மகளுக்கு அட்மிஷன் கிடைத்ததாம். ரோசம்மாள் லட்டு நீட்டினாள். தின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகிற வழியில் ரோசம்மாள் கை காட்டினாள். இன்னும் சொல்லவில்லை. மழையில் பேன் செத்திருக்கும். (அதிகாரி அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொள்வது.)

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். தொழுவத்துப் பக்கத்து ஏத்தனில் குருத்தெல்லாம் கொத்துக் கொத்தாக. வேலியோரம் நின்று எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் மருந்தோடு போயிருக்கும். கெட்ட பேருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். என்ன ஜென்மமோ நான்.

ஜூலை 12, சனி

விடிந்ததும் வெட்டுகிற சத்தம். அன்றைக்கு அலுவலகத்தில் வாங்கிவந்த மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். ரோசம்மாள் முட்டளவு சேற்றில், கையில் வெட்டுக்கத்தி.

"எக்கா, இந்தச் சீக்கு ஒங்க தோட்டத்துக்கு வந்திரப்பிடாதுல்லா. அதான் வெட்டிப் போடுதேன்."

"வெட்டாத மக்கா! மொதல்ல மருந்தடிக்கணும். பேன் பறந்திரும்."

கத்தி நின்றது. "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாட்டுக்குப் போட்டதில் வந்த வினை, அதிகாரி சொன்னது, எல்லாம் சொன்னேன்.

"எப்பம் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

"போன மாசமே."

அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம். டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நானும் கூட நின்று அடிக்கட்டுமா என்றேன்.

"வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போங்க."