கம்பியில் பூசிய திருநீறு

நேற்று நீர்த்தேக்கக் கரையில் படகைச் சுற்றி நின்றவர்கள் உன் அண்ணன், கினிகத்தேனையிலிருந்து பழுது பார்க்க வந்த மெக்கானிக் பாஸ், நான். அவ்வளவுதான். நீ இல்லை. ஆனாலும் காலையிலிருந்து உன் பேச்சுதான் நடந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் என் விரல்களில் ஒயில் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

படகின் பின்னால் மாட்டிய எஞ்சின் மறுபடி மக்கர் பண்ணியது. ஸ்விட்சை அமுக்கினால் மேலே எழும்பியது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் மெல்ல இறங்கிவிட்டது. அதைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு பளபளப்பான கம்பிகள் இருக்கின்றனவே, அங்கே எங்கேயோ ஒயில் கசிந்தது. தண்ணீர் வற்றிய காலம் இது. பழைய மரக்கட்டைகள் எல்லாம் தலைகாட்டுகின்றன. எஞ்சின் தொங்கினால் அதன் அடியில் சுழலும் காற்றாடி கட்டையில் மோதி உடைந்துவிடும். விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில் படகு கரையில் கிடந்தால் எங்கள் அடுப்பு எப்படி எரியும் என்பது உனக்குத் தெரியாததா?

உன் அண்ணன் எஞ்சினைக் கீழே வைத்துக்கொண்டே ஒயில் ஊற்றினார். "முழுசா தூக்கிட்டு அளவு பாருங்க" என்றேன். காதில் விழவில்லை. பாஸ் அதையே சொன்னதும், "ஆமா, பாப்பாவும் அப்பிடித்தான் சொல்லும்" என்றார்.

பார்த்தாயா? நான் சொன்னது காற்றோடு போயிற்று. நீயோ செத்தும் சொல்கிறாய்.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோதே இப்படித்தான். அண்ணனும் தங்கையும் படகில், நான் கரையில். ஒரு முறை நீ எஞ்சினுக்கு அடியில் சேற்றில் மல்லாந்து கிடந்தாய். "அண்ணி, அந்தப் பவுடர் டப்பாவக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்" என்று கத்தினாய். "ஏன்டி, எஞ்சினுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று உன் அண்ணன் சிரித்தார். நீ எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துப் பவுடர் தூவினாய். "கசியிற எடம் ஒண்ணு, சொட்டுற எடம் ஒண்ணு, அண்ணே. சொட்டுறதப் பாத்து ஏமாந்துறாதீங்க." நான் கொண்டுவந்த தேநீரில் முதல் கோப்பை உனக்குத்தான் போனது. என் பவுடரும் அன்றோடு தீர்ந்தது.

நேற்று நானும் அதையே செய்தேன். நீ எனக்குக் கற்றுத்தரவில்லை. கரையில் நின்று பார்த்துக் கற்றது. துடைத்தேன், தூவினேன், தூக்கி இறக்கச் சொன்னேன். இடது கம்பி உள்ளே போகும் வாயில் பவுடர் வளையம்போல நனைந்தது. "ஆ, நோனா கெட்டிக்காரிதானே!" என்றார் பாஸ் என்னைப் பார்த்து. உன் அண்ணன் கண் கலங்கி, "பாப்பா பழக்கிவிட்ட கை பாஸ்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் தேநீர் வாங்கப் போனார்.

அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு வந்த எரிச்சலை அம்மன்தான் மன்னிக்க வேண்டும். உயிரோடு இருப்பவளோடு என்றால் சண்டை போடலாம், போட்டி போடலாம். உன்னோடு என்ன செய்வது?

அவர் போன பிறகுதான் பாஸ், கம்பி வாயில் ஒயிலை அடைத்து நிற்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தைக் கழற்றினார். அதன் உதட்டில், பல்லிடுக்கில் சுண்ணாம்பு அப்பியதுபோல, சாம்பல் கெட்டியாக இறுகி இருந்தது. "இது என்ன நோனா, சாமித் தூள் மாதிரி இருக்கே?"

"கரை மண்ணு பாஸ். தொடைச்சிடுங்க."

மண் இல்லை. நீ போன பிறகு உன் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினைத் தூக்கி வைத்து, அந்தக் கம்பிகளில்தான் சந்தனம் குழைத்துத் திருநீற்றுப் பட்டை போடுகிறார். உன் கை எப்போதும் பட்ட இடமாம். காய்ந்த திருநீறு கம்பியோடு உள்ளே போய் ரப்பரை அறுத்திருக்கிறது.

ஓர் ஆயுத பூசையன்று நான் அங்கே பூசப் போனபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அண்ணி, கம்பில வேணாம். அது உள்ள போயி வருது. துன்னூற மூடி மேல போடுங்க." சாமி எங்கே உட்கார வேண்டும் என்றுகூட இவள்தான் சொல்வாளா என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். அப்போது உன் அண்ணன் பக்கத்தில் இல்லை. நீ எனக்கு மட்டும் சொன்ன விஷயம் அது ஒன்றுதான்.

இப்போது புது சீல் போட்டாயிற்று. தூக்கின இடத்தில் எஞ்சின் நிற்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, அவர் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு கரைக்கு இறங்குவார். பேசாமல் இருந்தால் இந்தச் சீலும் போகும். நானாகச் சொன்னால், தங்கச்சிக்குச் செய்வதைத் தடுக்கிறாள், பொறாமை பிடித்தவள் என்பார். பொய்யென்று என்னால் மறுக்கவும் முடியாது. உன்னை நினைத்துச் செய்ததே படகைக் கெடுத்தது என்று தெரியும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க, எனக்குள்ளேயே ஒருத்தி காத்திருக்கிறாள். அவளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

"பாப்பா அன்னைக்கே சொல்லுச்சு" என்று உன் பெயரைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வார். ஆனால் அதைச் சொல்லிவிட்டால், உன்னிடமிருந்து எனக்கென்று இருந்த அந்த ஒன்றும் அவருடையதாகிவிடும்.

உன் வாயால் சொல்லட்டுமா, என் வாயால் சொல்லட்டுமா? அவர் சந்தனம் குழைப்பதற்கு முன்னால் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லு.