வழித்த தட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. வயிறு சரியாகிவிட்டதா? எங்கள் எழுத்து உங்களுக்குத் தெரியாது என்பதால் உங்கள் மகள்தான் படித்துக் காட்ட வேண்டும். மருமகளே, மாமியாருக்குப் பரிந்துகொண்டு எந்த வரியையும் விழுங்கிவிடாதே.

எங்கள் வீட்டில் வயிறு நிறைந்தால் தட்டில் ஒரு வாய் மிச்சம் வைப்போம். தட்டு காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்கள் வழித்துச் சாப்பிட்டீர்கள், நான் கரண்டியோடு ஓடி வந்தேன். மறுபடியும் வழித்தீர்கள். என் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் காலிப் பானையைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

அந்த நேரத்தில் என் தங்கை போன் செய்தாள். நீங்கள் கூடத்தில் இருந்தீர்கள். எங்கள் பாஷை தெரியாதவர்தானே என்ற தைரியத்தில், "சம்பந்திக்கு இருக்கறது வயிறா அண்டாவான்னு தெரியலடி, போட்டுப் போட்டு என் கையே ஓஞ்சு போச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று மாலையே நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தீர்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பாஷையிலேயே திக்கித் திக்கிச் சொன்னீர்கள். "சாப்பாடு நல்லா இருந்துச்சு. எங்க பக்கம் மிச்சம் வச்சா சமைச்சவங்கள அவமானப்படுத்தற மாதிரி. அதான்." என்னோடு பேசுவதற்காகவே மகளிடம் கற்றுக்கொண்டு, கூச்சத்தில் அதுவரை பேசாமல் இருந்திருக்கிறீர்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

இவ்வளவு பெரிய நாட்டில் ஊருக்கு ஊர் உப்பும் எண்ணெயும் மாறும் என்று தெரியும். போதும் என்று சொல்கிற விதமும் மாறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் வாய் சும்மா இருந்திருக்குமா, தெரியாது. வீட்டில் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் தட்டை வழித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

பிரசவத்துக்கு நான் வரும் நாட்களில் நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடப் போவதாக மகன் சொன்னான். பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறும் நிலையை என் வாயால் நம் பெண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டேனே. வேண்டாம் அம்மா. நீங்கள் இருங்கள். நான் வரக்கூடாது என்றால் வரவில்லை.

வரலாம் என்றால், உங்கள் கையால் எனக்குப் பரிமாறுங்கள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டேன். போதும் என்றும் சொல்லமாட்டேன். எப்போது நிறுத்துவது என்பது உங்கள் மனசு.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வரட்டும்.

தலைகுனிவுடன்,
உங்கள் மகளின் மாமியார்