கெர்த்துவின் சுவரும் நான் வழித்த பனியும்

மே 24

வேலியோரம் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கெர்த்து கூப்பிட்டாள். இந்தக் குளிர்காலத்திலும் அவளுடைய ஆப்பிள் கன்றுகள் ஒன்றைத் தவிர எல்லாம் கருகிவிட்டன. ஏரி மேலிருந்து வருகிற வடகாற்று எதையும் விட்டுவைப்பதில்லை.

"வைனோ, வடக்குப் பக்கம் ஒரு கல் சுவர் இருந்தா கன்னு பிழைக்கும்னு தோணுது. நீங்க கட்டித் தருவீங்களா?"

நெஞ்சு ஒரு குதி குதித்தது. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து, என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்து, வருடங்கள் ஓடிவிட்டன. விறகு பிளந்து கொடுக்கிறேன், பனி வழித்துக் கொடுக்கிறேன். மனதில் உள்ளதை மட்டும் சொன்னதில்லை. சுவர் என்றால் ஒரு கோடை முழுக்க அவள் தோட்டத்திலேயே நிற்கலாமே!

"அட, எனக்கு எங்கங்க அதெல்லாம் வரும்... பார்ப்போம்" என்றேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? காபிக்குக் கூப்பிட்டால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை எழுந்து போவதுதான் எங்கள் ஊர் மரியாதை. இன்னும் இரண்டு தடவை கேட்பாள். கேட்கட்டும்.

மே 30

இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 6

கேட்டுவிட்டாள். என்னை இல்லை.

என் அக்கா ஹில்கா கடைக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்தாள், செய்தி சுடச்சுட இருக்கும்போதே கொட்டிவிட. பழைய பால்பண்ணை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறானே, ரௌனோ, கிழக்கே கரேலியாப் பக்கத்துக்காரன், அவன்தான் கட்டப்போகிறானாம். "அவ கேட்டு வாய மூடல, 'நாளைக்கே வரேன்'னு சொல்லிட்டானாம். நீ இங்க உருளைக்கிழங்கைக் கட்டிக்கிட்டு அழு" என்றாள்.

ஒரு தடவை கேட்டதற்கே சரி என்றானா? வெட்கம் கெட்டவன். கிழக்கத்தியான் எல்லாருமே இப்படித்தான், கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருப்பான்.

ஜூன் 15

எனக்கு என்ன? அவள் சுவர், அவள் காசு. நான் ஏன் ஜன்னலருகே நிற்கிறேன்?

காபி ஆறிப்போகிறது. கொட்டிவிட்டு வேறு ஊற்றிக்கொண்டு மறுபடி நிற்கிறேன்.

ஜூலை 2

சிரிப்பு. காலையிலிருந்து கெர்த்து தோட்டத்தில் சிரிப்பு. என் வேலியோரம் வந்தபோது இத்தனை நாளில் ஒரு தடவையாவது இப்படிச் சிரித்திருப்பாளா? கல் தூக்குகிற வேலையில் சிரிக்க என்ன இருக்கிறதோ. கெர்த்து ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கிறாள், வாசனை வேலி தாண்டி இங்கே வருகிறது. அவள் ஒரு தடவை சொன்னதுமே அவன் உட்கார்ந்து தின்கிறான்.

ஜூலை 9

வேலை தெரிந்தவன்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். பள்ளம் வெட்டி, களிமண்ணை அள்ளி வீசி, சரளை கொட்டி, தண்ணீர் ஓட வாய்க்கால் பக்கம் சரிவும் கொடுத்திருக்கிறான். சிமென்ட் கிடையாது. வயலோரக் குவியலில் கிடந்த கற்களைத் தேர்ந்தெடுத்து, அடியில் அகலமாக, மேலே போகப் போகக் குறுக்கி, ஒன்றோடொன்று பூட்டி அடுக்குகிறான். குளிரில் மண் அசைந்தால் கல்லும் கொஞ்சம் அசைந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் பள்ளம் இடுப்பளவு இல்லை. பனி மூடி இருக்கிறவரை அது போதும். மூடாவிட்டால் போதாது.

வேலியோரம் நின்று பார்த்ததைக் கண்டுவிட்டான். "அண்ணே, வாங்கண்ணே, ஒரு யோசனை சொல்லுங்க!"

நான் என்ன இவனுக்கு அண்ணனா? "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23

சுவர் முடிந்தது. அழகாக இருக்கிறது. வயிறு எரிகிறது.

நவம்பர் 28

முதல் பெரிய பனி. வழக்கம்போல கெர்த்து வீட்டு வாசலை வழித்துக் கொடுத்தேன். அப்படியே சுவரோரமும் ஒரு பாதை வழித்தேன். விறகுக் கொட்டகைக்குப் போக அவளுக்கு அதுதான் குறுக்கு வழி.

குறுக்கு வழிதானே? ஆமாம். குறுக்கு வழிதான்.

டிசம்பர் 20

இன்றும் வழித்தேன். மண் தெரிகிற வரைக்கும், சுத்தமாக. ரோட்டில் பனி வழிக்கும் வண்டி ஓட்டியே வாழ்க்கையைக் கழித்தவன் நான். கை பழக்கம்.

"எதுக்கு வைனோ இவ்வளவு சிரமம்?" என்றாள் கெர்த்து. காபி குடிக்கச் சொன்னாள். வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னாள். வேண்டாம் என்றேன். அதற்குள் ரௌனோ விறகைச் சுமந்துகொண்டு வந்துவிட்டான். அவள் கதவைத் திறக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 18

கடுங்குளிர். மூச்சு மீசையிலேயே உறைகிறது.

ரௌனோ வீடு, கெர்த்து வீடு இரண்டிலும் சவுனா நீராவிக் குளியலறையிலிருந்து தனித்தனியே புகை வந்த காலம் போய், சனிக்கிழமைகளில் இப்போது ஒரே ஒரு புகை, கெர்த்து வீட்டில். அவன் வீட்டு சவுனாவில் அடுப்பு ரிப்பேராம். நம்பணுமாம்.

சுவரோரம் வழித்தேன்.

பிப்ரவரி 8

டேய் வைனோ, யாரை ஏமாற்றுகிறாய்? பனி மண்ணுக்குக் கம்பளி. உனக்குத் தெரியாதா? வழித்த ரோடுதான் ஆழம்வரை உறையும், வழித்த ரோடுதான் வசந்தத்தில் வீங்கி வெடிக்கும். ஒவ்வொரு வருடமும் அந்தக் குழிகளை அடைத்தவன் நீதானே!

தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். அவன் கட்டியது விழவேண்டும். அவள் என்னைக் கூப்பிடவேண்டும்.

எழுதியாகிவிட்டது. எழுதியும் மனப்பாரம் இறங்கவில்லை.

ஏப்ரல் 26

பனி இளகிவிட்டது. சுவர் நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரி வெளியே தள்ளி நிற்கிறது. மேல்கற்கள் விழுந்து, உயிரோடிருந்த ஒரே ஆப்பிள் கன்றும் முறிந்துவிட்டது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கவேண்டும். எங்கே?

ஏப்ரல் 27

வேலி தாண்டி கெர்த்துவே வந்தாள். உட்காரவில்லை.

"கொட்டகைக்குத் திரும்புற வரைக்கும்தான் வழிச்சீங்க. அது வரைக்கும்தான் விழுந்திருக்கு. அதுக்கு அப்புறம் பனி கிடந்த இடத்துல ஒரு கல்லும் அசையல."

நான் காபி ஊற்ற எழுந்தேன்.

"ரோட்டுல பனி வழிச்சவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க."

"ஒரு தடவைதான் கேட்டீங்க" என்றேன். எப்படி வாயில் வந்ததோ!

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் கண்ணெல்லாம் கோபம். "மூணு தடவை கேக்குறது காபிக்கு வைனோ. சுவருக்கா? நீங்க சரின்னு சொல்வீங்கன்னு ஒரு வாரம் வேலியையே பார்த்துக்கிட்டிருந்தேன். கட்டித் தர மனசில்லை, சொல்லத் தயங்குறாருன்னு நெனச்சேன்."

ஒரு வாரம். நானும் அந்த ஒரு வாரம் அதே வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 10

போனேன். யாரும் கூப்பிடவில்லை, மண்வெட்டியோடு போய் நின்றேன்.

ரௌனோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "என் தப்புண்ணே. ஆழம் பத்தல." கெர்த்து அவனிடம் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"ஆழம் போதும். பனிய வழிச்சு மண்ண உறைய வச்சது நான்."

"அட, பாதை வேணும்னு நல்ல எண்ணத்துல பண்ணியிருப்பீங்க."

"நல்ல எண்ணமில்ல."

கையில் இருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அந்த முனையைப் பிடிங்கண்ணே, தனியா தூக்க முடியல" என்றான். இவனுக்குச் சண்டை போடக்கூடத் தெரியாதா? ஒரு அடி அடித்திருந்தால் தேவலை. அதிலும் இவன் என்னை ஜெயித்துவிட்டான்.

ஜூன் 20

அந்த இடத்தில் மார்பளவு தோண்டி, சரளை நிரப்பி, மறுபடி அடுக்கிவிட்டோம். கெர்த்து புதுக் கன்று நட்டாள். என்னிடம் அளந்துதான் பேசுகிறாள்.

பிப்ரவரி 2

என் வாசல் பனியையெல்லாம் வாரிக்கொண்டு போய் அவள் சுவரோரம் குவிக்கிறேன். ஊர் சிரிக்கிறது. அக்கா கதவருகே நின்று, "பைத்தியம் முத்திடுச்சா?" என்றாள்.

மே 22

பனி போய்விட்டது. ஒரு கல் நகரவில்லை. கன்று பூத்திருக்கிறது. கெர்த்து வேலியோரம் வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். போன ஏப்ரலுக்குப் பிறகு முகம் மலர்ந்தது இன்றுதான். மனதுக்குள் என்னென்னவோ ஓடியது. இந்தத் தடவை முந்திக்கொள்ள வேண்டும், நாளைக் காலையிலேயே போய் நானே வாய் திறக்க வேண்டும் என்று முடிவுகூடச் செய்துவிட்டேன்.

சாயங்காலம் ரௌனோ வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றான்.

"அண்ணே, நடுக்கோடைத் திருநாளுக்கு எனக்கும் கெர்த்துவுக்கும் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்னு அவ ஆசைப்படுறா..."

அவன் முடிப்பதற்குள் "வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவையிலேயே.