முன்னறைக் கந்தோர்

அன்புள்ள அக்கா,

இன்று காலை என் மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கக் குசினிக் கதவால் வெளியே போனாள். கிணற்றடியைச் சுற்றி முன்வாசல் கேற்றால் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றாமலே முன்னறைக்குள் போய்க் கணினியைத் திறந்தாள். கொழும்புக் கம்பனி ஒன்றின் வேலையை அவள் இங்கிருந்தே செய்கிறாள். "வீட்டிலை இருந்தால் வேலை ஓடுதில்லையம்மா" என்று அவள் புலம்பியபோது நான்தான் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தேன். சிமெந்துத் தரையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் நீங்கள் என் நினைவில் வந்துவிட்டீர்கள். போன கிழமை கனடாவில் நீங்கள் காலமான செய்தி வந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு வந்தது, கோபத்தோடு சேர்ந்து வந்தது.

அந்தச் சண்டைக் காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து, காணி எழுத்து வேலை பார்த்த எங்கள் நொத்தாரிசு ஐயா, நாம் இருவரும் வேலை செய்த பட்டினத்துக் கந்தோரைப் பூட்டியபோது, தட்டச்சு இயந்திரத்தை உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சில் அடிக்கும் வேலை. ஒருவர் வாசிக்க மற்றவர் அடிக்க வேண்டும், பிறகு இருவருமாக ஒப்புப் பார்க்க வேண்டும். எல்லை ஒன்று பிசகினாலும் யாரோ இரண்டு வீட்டுக்காரர் வேலிக்காக வழக்கென்று கோட்டுக்குப் போவார்கள். நீங்கள் அரியாலையிலிருந்து இடம்பெயர்ந்து அடுத்த ஒழுங்கையில், அந்தக் குறுகலான தெருவில், இருந்தீர்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் அந்த வேலைதான் சோறு.

தொடக்கத்தில் ஒன்றும் ஓடவில்லை. நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா, "பிள்ளை, இந்தத் தேங்காயைத் திருவித் தந்திட்டுப் போ" என்பார். பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் ஊர்ப் புதினம் கேட்பார்கள். நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். நான் சீலை உடுத்து, பையை எடுத்து, பின்னால் போய் முன்னால் வர வேண்டும்; நீங்களும் நாள்தோறும் சீலையும் பையுமாய்த்தான் வருவீர்கள். முன்னறைக்குள் செருப்போடுதான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா பத்திரகாளியாகிவிட்டார்.

"அம்மா, இது இப்ப வீடில்லை, கந்தோர். உங்கடை மகள் மத்தியானம்தான் வீட்டை வருவா" என்றீர்கள்.

"அப்ப தேத்தண்ணியையும் கந்தோரிலையே கேளுங்கோ" என்றார் அம்மா. ஆனாலும் தேத்தண்ணி வந்தது. வாசற்படியோடு நின்றது, அவ்வளவுதான்.

கந்தோருக்குள் ஊர்க்கதை கூடாது என்பது இன்னொரு சட்டம். பொம்மர் விமானம் வந்தால் இயந்திரத்துக்கு உறையைப் போட்டுவிட்டு முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் ஓடுவோம். கதையெல்லாம் அங்கேதான். ஒருநாள் அதற்குள் இருந்துதான் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "நான் ஊரைவிட்டு வெளிக்கிடுறதெண்டால் முதல் உமக்குத்தான் சொல்லுவன்." நான் கேட்கவேயில்லை, அக்கா. நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

கடைசி நாள் உங்கள் பை வீங்கியிருந்தது. "என்னக்கா, குடும்பத்தையே பைக்குள்ளை கொண்டந்திட்டியளோ?" என்று பகிடி விட்டேன். "சாப்பாடு கொஞ்சம் கூட" என்று சிரித்தீர்கள். மத்தியானம் வரை வாசித்தீர்கள், ஒரு பிழையில்லை. உறையை இழுத்து மூடி, "நாளைக்கு அந்தப் பெரிய உறுதியைத் தொடங்குவம்" என்றுவிட்டு ஒழுங்கையால் போனீர்கள். நாள்தோறும் சீலையும் பையுமாய்ப் போகிற மனுசியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அன்று பின்னேரமே கிளாலிக் கரைக்குப் போய், குடாநாட்டை விட்டு வெளியேற வள்ளம் ஏறிவிட்டீர்கள்.

அடுத்த நாள் நானும் சீலை உடுத்துக் கிணற்றடியைச் சுற்றி வந்து, செருப்போடு உட்கார்ந்திருந்தேன். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணி இரண்டும் ஆறிப்போயின.

பயணத்தை வெளியே சொன்னால் இயக்கப் போராளிகள் மறித்துவிடுவார்கள் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. அதை வைத்து உங்களை மன்னிக்கத்தான் பார்த்தேன். ஆனால் இயந்திரத்தை எடுக்க வந்த நொத்தாரிசு ஐயா என்ன சொன்னார் தெரியுமா?

"ரெண்டு பேர் இல்லாமல் உறுதி அடிக்கேலாது, பிள்ளை. அவ போன மாதமே எனக்குச் சொல்லிப்போட்டா. நான் மானிப்பாயிலை வேறை ஆக்களை ஒழுங்குபண்ணிட்டன். உமக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னவ, ஐயா" என்றேன். அந்த மனிதருக்கு முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது, எனக்குச் சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், மறித்திருக்க மாட்டேன். வாசிக்க ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்திருப்பேன், வேலையும் தங்கியிருக்கும். இயந்திரம் இருந்த இடத்தில் அம்மா வெங்காயத்தைப் பரப்பினார். பிறத்தியார் தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் கூலி வேலைக்கு நான் போனேன்.

அந்தச் சட்டமெல்லாம் என் வேலைக்காகவா, இல்லை, பையோடு போகிற உங்களை ஒழுங்கைச் சனத்தின் கண்ணுக்குப் பழக்கவா? கேட்க இனி ஆளில்லை. ஆனாலும் பிறகு வீட்டில் வைத்து எந்த வேலையைச் செய்தாலும் கிணற்றடியைச் சுற்றி வந்துதான் உட்கார்ந்தேன். வேலை ஓடியது. அதை மறுக்க மாட்டேன்.

இன்று காலையும் மகள் செருப்பைப் போடக் குனிந்தபோது அவள் பையை நான் வாங்கி வைத்திருந்தேன்.

"முன்னறைக்குத்தானே போறன். ஏனம்மா ஒவ்வொரு நாளும் என்ரை பையைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறியள்?" என்றாள்.

"ஒண்டுமில்லை, பிள்ளை. பாரமாக் கிடக்கோ எண்டு பாத்தனான்."