மாமா பெயரில் என் பிரஷர்

பாசமுள்ள மாமாவுக்கு,

பாசம் இருப்பதால்தான் திட்டப்போகிறேன். உயிரோடு இருந்தவரை உங்களை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இன்று அந்த மரியாதை வரவில்லை. நீ பண்ணிவிட்டுப் போன காரியத்துக்கு 'நீ'யே அதிகம்.

நேற்று நெல்லித்தோப்பில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்தாள். கம்பெனி மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு. உன் பெயர், கீழே பிரஷர் 120/80, 'வேலைக்குத் தகுதி' என்று முத்திரை.

"தல வலிக்குதுன்னு படுத்துனு இருந்தாருடா. சீட்டுல நல்லாத்தான எழுதிக் குடுத்திருக்காங்க, சாக்கு சொல்லாம வேலைக்குப் போய்யான்னு நான்தான் தொரத்தி வுட்டேன்" என்றாள்.

அன்று மதியம்தான் ஏர்போர்ட்டில் நீ விமானத்துக்குக் கீழே, பெட்டி ஏற்றுகிற வண்டியோரம் சாய்ந்தாய். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் போட்ட காபியைக் குடித்தேன். அந்த 120/80 என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், மருந்துக்கடையில பிரஷர் பாத்தேன், எகிறிக் கெடக்குது. தெரிஞ்சா வூட்ல ஒக்கார வெச்சிடுவானுங்க. என் அட்டைய மாட்டினு நீ போய்க் கைய நீட்டு" என்றாய். வெயிலில் நின்று நின்று நம் அடையாள அட்டையில் போட்டோ எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. அதில் யார் முகமும் பொருந்தும். ஒரே நாளில் நான் இரண்டு முறை வரிசையில் நின்றேன். நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கம்பெனிக்காரனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பிரஷர் இருக்கிறவனுக்கு மாத்திரை கொடுக்கத்தான் முகாம் என்றால் நாம் ஏன் ஒளிந்தோம்? ஆளைக் கழித்துக்கட்டத்தானே வைக்கிறான்? உன்னைப் புதைத்த மறுநாளே மேனேஜர் அந்தச் சீட்டின் நகலைக் காட்டி, "ஆள் நல்லாத்தான்பா இருந்தார்" என்று முடித்துக்கொண்டார்.

ஆனால் உன்மேல்தான் அதிகக் கோபம். அக்கா துரத்தியபோது உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? 'அது என் பிரஷர் இல்லடி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது இழுத்துக்கொண்டு போயிருப்பாளே. சட்டையை மாட்டிக்கொண்டு பேசாமல் கிளம்பினாயாமே, எப்படி முடிந்தது?

வியாழக்கிழமை மறுபடி முகாம். கூட வேலை செய்கிற பெரியவர் இன்று காலையிலேயே அட்டையோடு வந்து நின்றார். "தம்பி, அஞ்சு நிமிஷ வேல."

"உன் கைய நீயே நீட்டுய்யா" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் முகம் செத்துவிட்டது. அவர் சீட்டை நம்பவும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்தானே?

இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன். உன்னைக் காட்டிக்கொடுப்பேன், என்னையும்தான். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். 'நீ நம்பினது பொய்ச்சீட்டுக்கா, அதுல இருக்கறது என் பிரஷர்' என்று அவளிடம் சொல்லாமல் அந்த வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
அவளோடு கூடப்பிறந்தவன்.